புளிக் கொட்டகையில் சபை கூடிய காலம்

போதகர் முதல் நாள் எங்கள் கொட்டகைக்குள் வந்தபோது எங்களைப் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்தார். கதவருகிலேயே நின்று, கழுத்தை வளைத்து, தகரத்தையும் சட்டங்களையும் மூலைக்கு மூலை பார்த்து முடித்த பிறகுதான் "தோத்திரம்மா" என்றார். ஜெபம் செய்ய வருகிறவர் மனிதர்களைப் பார்ப்பார். கூரையைப் பார்க்கிறவர் இடம் வாங்க வந்தவராகத்தான் இருப்பார். அன்றைக்கே எனக்கு மனதில் ஒன்று உறுத்திவிட்டது.

அந்தக் கொட்டகை என்னுடையது. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் என் அப்பா எனக்கு எழுதிக்கொடுத்த துண்டு நிலத்தில், என் நகையை விற்று நான் போட்டது. மாசி பிறந்தால் ஜவ்வாது மலையிலிருந்து புளி இறங்கும். அதை வாங்கி, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை நீக்கி ஒடுகத்தூர் கடைகளுக்குப் போடுவோம். ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அங்கே உட்கார்ந்து வேலை செய்வார்கள். மூட்டைகள் கூரையைத் தொடும். தரையில் கால் வைக்க இடமிருக்காது. அந்தச் சில மாத வேலையில்தான் எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரிகிறது. படுக்கையில் கிடக்கும் மாமனாருக்கு மருந்தும் அதிலிருந்துதான்.

என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். போதகர் இந்தப் பக்கம் குடிவந்தபோது அவருடைய சாமான்களை ஏற்றி வந்தவர் இவர்தான். பாத்திரங்களைவிடப் புத்தகப் பெட்டிகள் அதிகமாம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆட்டோவை நிறுத்தும்போது என் கணவர் வேறு ஆளாக இறங்கியிருக்கிறார். அதுவரை நாங்கள் பஸ் ஏறி டவுன் சபைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு எங்களோடு சேர்த்து ஐந்து குடும்பங்கள், வேதத்தை மட்டுமே பிடித்துக்கொள்ளும் சீர்திருத்த சபை என்று ஒன்று இங்கேயே கூட வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள். கூட இடம் வேண்டும் அல்லவா?

"சும்மாதானே கெடக்குது. மாசி வரைக்கும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூடிக்கட்டும்" என்றார் என் கணவர்.

"மாசி வரைக்கும்" என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பத்தாவது வரை படித்தேன், அங்கேயும் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் நிற்பேன். அதனால் தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் பேசாவிட்டாலும் ஊர் பேசியது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணன், பால் வாங்கப் போனால் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னாம்மா, உங்க புது பாஸ்டரு இன்னும் காணிக்க தட்டே தூக்கலியாமே?"

"ஆமாண்ணா. சபை நெலையா வர்ற வரைக்கும் வேணாம்னு சொல்லிட்டாரு."

"காசு கேக்கற பாஸ்டர நம்பலாம்மா. கேக்காதவன் பெருசா எதுக்கோ அடி போட்றான். பத்திரம்!"

கணியம்பாடிப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். நான்கு பெஞ்சு, ஒரு மேசை, மேசைமேல் வேதாகமம். அவ்வளவுதான் இருந்தது.

"சிலுவ இல்ல, படம் இல்ல, ஒரு மெழுகுவத்தி கூட இல்ல. இன்னாடி இது, கோயிலா குடோனா?"

"குடோன்தான் அண்ணி."

"சிரிக்காதடி. ஒரு எடத்துல நாலு ஞாயிறு ஜெபம் பண்ணிட்டா அப்புறம் அவங்கள கெளப்ப முடியாது. போர்டு மாட்டுவாங்க, டிரஸ்ட்டுன்னுவாங்க. நீ ரோட்ல உக்காந்து புளி தட்டு."

அதன்பிறகு போதகர் எது செய்தாலும் எனக்கு இரண்டு அர்த்தம் தெரிந்தது. தெற்கத்திக்காரர், மெதுவாகப் பேசுவார். கூட்டம் சேர்க்க அவசரப்படவில்லை. வேதாகமத்திலுள்ள ஒரே நிருபத்தை, அதாவது கடிதத்தை, எடுத்து வாரத்துக்கு ஐந்து வசனம், ஆறு வசனம் என்று விளக்கிக்கொண்டு போனார். இந்த வேகத்தில் போனால் எந்த மாசியில் முடியும் என்றுதான் நான் கணக்குப் போட்டேன். வியாதிக்காரர் தலையில் கை வைத்துக் கூச்சல் போடுவதில்லை. ஆசீர்வாத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை கொடுப்பதில்லை. பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் பெரியவர்களுக்கும் கேள்வி பதிலாகப் பாடம் நடத்தினார். என்னைக் கேட்டுவிடுவாரோ என்று நான் எப்போதும் தூணுக்குப் பின்னால் உட்காருவேன். அங்கிருந்து பார்ப்பேன். பாட்டுக்கு முன்னும் பின்னும் அவர் கண் ஒருமுறை கூரைக்குப் போய்விட்டு வரும்.

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேதாகமத்திலுள்ள சங்கீதங்களைத்தான் பாடினோம். கீபோர்டு இல்லை, டிரம்ஸ் இல்லை, கைதட்டலும் இல்லை. ஒருவர் தொடங்க எல்லோரும் இழுத்து மெதுவாகப் பாட வேண்டும். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் மேளம் எதுவுமில்லாமல் காலை நேரத்தில் இழுத்துப் பாடினால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு, சாவு. கொட்டகையை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. வீட்டில் மாமனார் படுக்கையில் கிடப்பது மலைவரைக்கும் தெரியும்.

இரண்டாவதோ மூன்றாவதோ ஞாயிறு. நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். திடீரென்று வாசல் பக்கம் ஒரு அழுகைக் குரல். "எங்கள வுட்டுட்டுப் போய்ட்டியே நைனா" என்று மார்பில் அடித்துக்கொண்டு, என்னிடம் புளி தட்டும் பெண்கள் மூன்று பேர் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், வருஷா வருஷம் எனக்குப் புளி போடும் மலைக்காரர், டீக்கடையில் சொல்லி வாங்கிய ரோஜா மாலையோடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார். போதகர் பாட்டை நிறுத்தவில்லை. நான்தான் ஓடினேன். அதற்குள் அவர்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். மாலையைப் பார்த்தார்.

"யாருக்குடா?"

மலைக்காரர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் நைனா."

"சும்மா பாக்க வர்றவன் ஆரஞ்சு வாங்கினு வருவான். இந்தா, இவளுங்க எதுக்குத் தலைய விரிச்சிப் போட்டுனு கீறாளுங்க?"

ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாட்டு கேட்டுச்சு நைனா" என்றாள்.

"நானும்தான் கேட்டேன். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகமா பூட்ச்சு" என்றார் மாமனார்.

ஊரெல்லாம் சிரித்தது. எங்களுக்குச் சாவுப்பாட்டு சர்ச் என்று பெயர் வந்தது. டவுனிலிருந்த ஒரு விசுவாசி, அவமானமாக இருக்கிறது என்று ஒரு கீபோர்டை இலவசமாகக் கொடுக்க வந்தார். போதகர் வணக்கத்தோடு வேண்டாமென்றார். இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்கிற மனிதரிடம் எனக்குப் பயம் அதிகமானது. ஆனால் அந்த மலைக்காரர் அடுத்த ஞாயிறும் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "சாவு இல்லாதப்பவே இப்டி பாட்றாங்களே, இன்னாதான் சொல்றாங்கன்னு பாக்கலாம்னுதான்" என்றார். இப்படித்தான் ஆள் சேர்ந்தது. யாரும் யாரையும் இழுக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர் தங்கினார்கள். மார்கழிக்குள் பெஞ்சு போதாமல் பாய் விரித்தோம்.

ஆள் சேரச் சேர நான் தூணுக்குப் பின்னாலிருந்து தலைகளை எண்ண ஆரம்பித்தேன். ஐந்து குடும்பத்தை எழுப்பலாம். இத்தனை பேரை எப்படி எழுப்புவது?

அந்தச் சமயத்தில்தான் மூப்பர்களைத் தெரிந்தெடுத்தார்கள். இந்தச் சபை முறையில் போதகர் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது. சபையார் தெரிந்தெடுக்கும் மூப்பர்களோடு உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். எல்லோரும் சீட்டில் எழுதிப் போட்டோம். என் கணவரும், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் மூப்பர்களாக வந்தார்கள். கண்டக்டருக்கு மெயின் ரோட்டில் மாடி வீடு. நல்ல மனிதர், ஆனால் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. ஆராதனைக்கு வருகிறவர்களை வாசலில் நின்று, "உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காத, முன்னாடி எடம் கீது" என்று ஏற்றுவார்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் மூன்று பேரும் என் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் டீ எடுத்துக்கொண்டு போவேன். கதவைத் தள்ளியதும் பேச்சு நின்றுவிடும். டம்ளர்களை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினால் மறுபடி தொடங்கும். ஒருமுறை கண்டக்டர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "அந்தம்மா ஒண்ணும் சொல்லாது."

அன்று சாப்பாடு போடும்போது கணவரிடம் கேட்டேன். "உள்ள இன்னா பேசறீங்க?"

"அத வெளிய சொல்லக்கூடாது. வாக்கு குடுத்துகிறோம்."

"எங்கிட்ட கூடவா?"

"யாருகிட்டயும்தான்."

"என் கொட்டாய்க்குள்ள பேசறது எனக்குத் தெரியக்கூடாதா?"

"கொட்டாயி உன்னுது. பேச்சு உன்னுது இல்ல" என்றார். சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார். அதுவரை எனக்குச் சந்தேகமெல்லாம் வெளியாட்கள்மேல் இருந்தது. அன்றிலிருந்து என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பீரோவில் கொட்டகைப் பத்திரம் இருக்கும் தட்டின் சாவியை எடுத்துத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

மாசி பிறக்கும் வாரத்தில் சபையின் முதல் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் பகிரும் பந்தி, என்று அறிவித்தார்கள். அதற்கு முன் போதகரும் ஒரு மூப்பரும் ஒவ்வொரு வீட்டுக்கும் வருவார்கள். மேசைக்கு வரப்போகிறவர்களிடம், யார்மேலாவது மனக்குறை உண்டா, சொல்லாத பாரம் ஏதாவது உண்டா என்று விசாரிப்பார்கள். பந்திக்கு முன் மனம் நேராக இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டுக்கு என் கணவர் மூப்பராக வர முடியாது. அதனால் கண்டக்டர் வந்தார். என் கணவர் மாமனார் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

போதகர் என்னைப் பார்த்து, "உங்க மனசுல யார்மேலயாவது குறை இருக்காம்மா?" என்று கேட்டார்.

கண்டக்டர் எனக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்தம்மா ஒண்ணும் சொல்லாது" என்றவர்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அவர்கள் ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போதகர் ரோட்டில் காத்து நிற்க, கண்டக்டர் கொட்டகை ஓரமாக, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து, நீளத்தை அளந்துகொண்டே போனார்.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மதியம், மலையிலிருந்து முதல் லோடு இறங்கியது. அதே மலைக்காரர்தான். "யக்கா, எங்க எறக்கட்டும்? உள்ள மேசையெல்லாம் போட்டுகீதே" என்றார். வீட்டு வாசலில் இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கலாம். ஒரு நாள்தான். ஆனால் வாசலில் இறக்கினால் எல்லா வருஷமும் வாசலில்தான் என்று எனக்குத் தோன்றியது.

"உள்ள எறக்கு" என்றேன்.

"மேச?"

"ஓரமா வெச்சிட்டு எறக்கு."

பெஞ்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவரோரம் ஏற்றினோம். திருவிருந்து மேசையை நானும் அவரும் பத்திரமாகத் தூக்கி மூலையில் வைத்து, துணி போட்டு மூடினோம். மூட்டைகள் கதவு வரை வந்தன. என் வாயால் சொல்ல முடியாததைப் புளி சொல்லட்டும் என்று கதவைத் திறந்தே வைத்தேன். அந்தச் சாயங்காலம் மூப்பர்கள் கூடவில்லை. கணவர் வந்து பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார், என் கழுத்துச் சாவியைப் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமனாருக்கு மருந்து கொடுக்கப் போனார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஜனங்கள் வந்து ரோட்டில் நின்றார்கள். வெள்ளைச் சேலையும் சலவைச் சட்டையுமாக, உள்ளே போக வழியில்லாமல். புளி வாசனை ரோடுவரைக்கும் அடித்தது. டீக்கடை அண்ணன் கடையை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

கண்டக்டர்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னாம்மா இது? கர்த்தருடைய பந்தி அன்னிக்கா மூட்டைய அடுக்குவ? எடுத்து வெளிய போடச் சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தூண் இல்லை, மறைவு இல்லை. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"இது என் கொட்டாயிங்க."

"யாரு இல்லைன்னாங்க?"

"மாசி வரைக்கும்னு சொன்னாங்க. மாசி வந்துட்ச்சு."

போதகர் முன்னால் வந்தார். கோபப்படவில்லை. "உங்க கொட்டகைதாம்மா. ஆனா நான் வீட்டுக்கு வந்து கேட்டேனே, ஒண்ணும் இல்லைன்னீங்களே?"

"நீங்க கேட்டீங்க. இவரு எதிர்ல உக்காந்துனு இருந்தாரு" என்று கண்டக்டரைக் காட்டினேன். "யாருமேல கொறையோ அவரையே இட்டுனு வந்து, கொற இருக்குதான்னு கேட்டா நான் இன்னா சொல்றது? வெளிய போயி கொட்டாய காலால அளக்கறாரு!"

கண்டக்டர் முகம் சிவந்தது. "அளந்தேன்தான். நாலு பேர் நல்லதுக்குத்தானே, வெலைக்குக் கேட்டுப் பாக்கலாம்னு..." என்று இழுத்தார்.

"நான் அப்பவே..." என்று என் கணவர் ஆரம்பித்தார். போதகர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உள்ளே பேசினது உள்ளேயே இருக்கட்டும் மூப்பரே." பிறகு சபையாரைப் பார்த்தார். "இன்னைக்குப் பந்தி இல்லை. தப்பு இந்த அம்மா மேல இல்லை. நாங்க கேட்ட விதம் தப்பு. மூட்டை அங்கேயே இருக்கட்டும். நாம வெளியே உக்காரலாம்."

கொட்டகைக்கு வெளியே, புளி காயவைக்கும் களத்தில் பாய் விரித்து ஆராதனை நடந்தது. மாமனாரைக் கட்டிலோடு தூக்கி வந்து போட்டார்கள். திறந்த வெளியில் அந்த மெதுவான பாட்டு இன்னும் தூரம் போயிருக்கும், ஆனால் அன்று யாரும் மாலையோடு வரவில்லை. முடிந்ததும் மாமனார் போதகரைக் கூப்பிட்டார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். எப்ப வந்தாலும் மேலயே பாக்கறியே, இன்னாத்த பாக்கற?"

போதகருக்கு வெட்கம் வந்துவிட்டது. "குளவிக்கூடு இருக்கான்னு பாப்பேன் ஐயா. சின்னப் பிள்ளையில கொட்டி முகமெல்லாம் வீங்கிப்போச்சு. தகரக் கூரைன்னாலே பயம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதைப் பாதி நம்பினேன். சாயங்காலம் தனியாகப் போய் மூட்டைமேல் ஏறிப் பார்த்தேன். மேற்கு மூலையில், சட்டத்துக்கு அடியில் ஒரு கூடு இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் சபையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. திருவிருந்துக்கு முன் வீடு சந்திக்க வருவதற்கு முந்தின ஞாயிறு, "எந்த மூப்பர் வரவேண்டாம்னு நினைக்கிறீங்களோ, முன்னாடியே சொல்லிடலாம், காரணம் கேட்க மாட்டோம்" என்று போதகரே அறிவிப்பார். இப்போது இருபது குடும்பங்களுக்கு மேல் இருக்கிறோம், நான்கு மூப்பர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அது ஏன் என்று தெரியாது. எல்லாச் சீர்திருத்த சபையிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த மாசியில் சபை கூட, கண்டக்டர் ஷீட் கூரை போட்ட தன் வீட்டு மொட்டை மாடியைக் கொடுத்தார். அவராகக் கொடுத்தாரா, உட்கார வைத்துக் கொடுக்கச் சொன்னார்களா என்பது எனக்குத் தெரியாது. அது கதவுக்குள் நடந்த பேச்சு. அன்று ரோட்டில் "நான் அப்பவே" என்று தொடங்கியதை என் கணவர் இன்றுவரை முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாவியை மட்டும் சித்திரையில் பழைய இடத்தில் மாட்டினேன்.

தள்ளிப்போன முதல் திருவிருந்து அந்த மாடியில்தான் நடந்தது. வாரமெல்லாம் புளி தட்டிக் கறுத்த விரல்களோடு அப்பத்தை வாங்கினேன். முடிந்து எல்லோரும் படி இறங்கிக்கொண்டிருந்தபோது, கண்டக்டரின் மனைவி என் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அவரும் என்னைப்போல அதிகம் பேசாதவர்.

"யம்மா, உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன், யாருகிட்டயும் சொல்லாத. இவங்க எப்போ காலி பண்ணுவாங்க?"

"வேற எடம் பாத்துனு கீறாங்களாம்."

"எனக்கு இன்னாவோ நம்பிக்க இல்லம்மா. அந்தப் பாஸ்டரு வந்ததுலேர்ந்து எங்க தொட்டியையும் ஷீட்டையும் அண்ணாந்து அண்ணாந்து பாத்துனே இருந்தாரு. எதுக்கும்மா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். ஷீட் புதிதாக, சுத்தமாக இருந்தது. எங்கேயும் கூடு இல்லை.